சோம்பேறி ரொட்டி

"நேத்து ரொட்டி இருக்கா?"

ரொட்டிக் கடைக்காரர் கையிலிருந்த கத்தியை வைத்துவிட்டு அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"இருபது வருஷமா கடை நடத்துறேன். இது நேத்து ரொட்டியான்னு சண்டைக்கு வந்தவங்க ஆயிரம் பேரைப் பாத்திருக்கேன். நேத்து ரொட்டிதான் வேணும்னு கேட்டு வந்த மொத ஆளு நீங்கதான் சார்."

"இருக்கா?"

"புதுசு இருக்கு. இப்பதான் எறங்குச்சு. தொட்டுப் பாருங்க, சுடுது."

"புதுசு வேண்டாம். ஊறினா கூழாயிடும்."

கடைக்காரரின் முகம் மாறியது. ஏதோ பிடிபட்டதுபோல விரலை ஆட்டினார். "ஓ, அதுவா! ஒரு அம்மா இருந்தாங்க. வெள்ளிக்கிழமையே வாங்கிட்டுப் போவாங்க. நாளைக்குள்ள நல்லா காயணும், வெட்டுனா தூள் கொட்டணும்னு சொல்வாங்க. நீளப் பின்னல், பழுப்புக் கிளிப். கூடவே ஒரு வாண்டு. நாலு மாசமா ஆளையே காணோம். ஊரை விட்டுப் போயிட்டாங்க போல."

"ஆமா," என்றான் அவன். "போயிட்டாங்க."

கடைக்காரர் உள்ளே போய்த் தேடி, நாய்க்குப் போடலாம் என்று எடுத்துவைத்திருந்த ஒரு முழு ரொட்டியைக் கொண்டுவந்தார். விரலால் தட்டிக் காட்டினார். மரப்பலகை போலச் சத்தம் வந்தது. அவன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

சனிக்கிழமை மாலை ஐந்து மணி. நாளைக் காலை பத்து மணிக்குப் பெரியம்மா வந்துவிடுவாள். நடுவில் பதினேழு மணி நேரம் இருந்தது.

பெரியம்மா என்பது மகளுக்கு. அவனுக்கு மனைவியின் அக்கா. மனைவி கூப்பிட்டதைக் கேட்டுக் கேட்டு அவனும் அக்கா என்றே கூப்பிட்டுப் பழகியிருந்தான். போன ஞாயிற்றுக்கிழமை வந்தவள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். வைத்த வேகத்திலேயே இறக்கிவிட்டாள். பிறகு குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது முகம் கழுவியிருந்தது.

"தம்பி, நான் உங்களைக் குத்தம் சொல்லல. நீங்களும் என்னதான் பண்ணுவீங்க. ஆனா புள்ள காத்து மாதிரி இருக்கா. தூக்குனா கையில ஒண்ணுமே இல்ல."

"டாக்டர்கிட்ட காட்டினேன்க்கா. உடம்புக்கு ஒண்ணும் இல்லைன்னு சொன்னார்."

"ஒண்ணும் இல்லாமயா ரெண்டு கிலோ போச்சு? அவகிட்ட இருந்ததே பதினேழு."

மகளுக்கு ஆறு வயது. பிறந்தபோது இரண்டு கிலோகூட இல்லை. 'மிளகாட்டம் இருக்கு, காரம் அப்புறமா தெரியும்' என்று இதே பெரியம்மா அன்று சொன்னது, மிளகு என்று பெயராகவே நின்றுவிட்டது. காரமும் இருந்தது. நாலு மாதம் முன்புவரை இருந்தது. இப்போது தட்டைப் பார்த்தால் ஒரே சொல்தான். பசிக்கல. அடம் இல்லை, அழுகை இல்லை. காலையில் அரை டம்ளர் பால், சாயங்காலம் இரண்டு பிஸ்கட். பள்ளியிலிருந்து சாப்பாட்டு டப்பா போன கனத்திலேயே திரும்பி வந்தது. அவன் கெஞ்சினான், கதை சொன்னான், ஒருநாள் மேஜையில் ஓங்கி அடித்தான். அவள் அம்மாவின் பழுப்புக் கிளிப்பைத் தலையில் குத்திக்கொண்டு, அவனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தூங்கும்போதும் அந்தக் கிளிப்பைக் கழற்ற விடுவதில்லை.

"அடுத்த ஞாயிறு வரேன்," என்றாள் பெரியம்மா. "உங்க கையால ஒரு வேளை, ஒரே ஒரு வேளை, அவ வயிறு நெறைய சாப்பிட்டுட்டான்னா நான் வாயத் தொறக்காம திரும்பிப் போயிடுறேன். இல்லன்னா கூட்டிட்டுப் போறேன் தம்பி. என் புள்ளைங்களோட புள்ளையா இருக்கட்டும். நீங்க வாராவாரம் வந்து பாருங்க."

சரி என்று சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு ஆறு நாளில் அவன் செய்துவைத்த எதுவும் அவள் தொண்டையில் இறங்கவில்லை. மிச்சம் இருந்தது சோம்பேறி ரொட்டி ஒன்றுதான். அதை அவன் வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தான். அதுவும் தோற்றால் அப்புறம் ஒன்றுமே இல்லை என்பதால்.

சோம்பேறி ரொட்டி என்பது மனைவி வைத்த பெயர். சனிக்கிழமை ராத்திரியே எல்லாவற்றையும் கலந்து ஊறப்போட்டுவிட்டால், ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்ணைத் திறக்காமலே ஓவனுக்குள் தள்ளிவிட்டு மறுபடி வந்து படுத்துக்கொள்ளலாம் என்பது அவள் கணக்கு. 'ஊறல் போட்டாச்சா, போலீஸ் வரப்போகுது' என்று அவன் ஒவ்வொரு வாரமும் கேட்பான். ஒரே நகைச்சுவையை நூறு தடவை சொல்ல வெட்கமாக இல்லையா என்று அவள் ஒவ்வொரு வாரமும் திட்டுவாள். மறுநாள் வெண்ணெயும் பட்டையும் உருகும் வாசனை படுக்கையறைவரை வந்து மூன்று பேரையும் எழுப்பும். மிளகு அந்த ஒரு நாள் மட்டும் மூன்று துண்டு சாப்பிடுவாள். நடுவில் இருக்கும் மெத்தென்ற பகுதியை அப்பாவுக்கு ஒதுக்கிவிட்டு, மேலே மொறுமொறுப்பாக இருப்பதை உரித்து உரித்துத் தின்பாள்.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன மனைவி பதினோரு நாளில் இல்லாமல் போனாள். செய்முறையை எங்கும் எழுதிவைக்கவில்லை. முப்பத்தொரு வயதில் யார் எழுதிவைக்கிறார்கள்.

அவன் ரொட்டியைச் சமையல் மேடையில் வைத்து ஓரங்களை நேராக வெட்டி எடுத்தான். அவன் வேலை அப்படி. பெயிண்ட் கம்பெனியில் நிறம் சேர்ப்பவன். வாடிக்கையாளர் ஒரு ஓட்டுத் துண்டையோ பழைய கதவின் சிராயையோ அனுப்புவார். அதே நிறத்தை, ஒரு சொட்டு கூடாமல் குறையாமல், கலந்து கொடுக்க வேண்டும். அளவு தெரியாமல் எதையும் அவன் தொட்டதில்லை. இன்று எல்லாமே கண்ணளவு. முட்டை ஆறு. பால் இரண்டு டம்ளர். அவள் மூன்று ஊற்றினாளா? பாலாடைக் கிரீம் ஒரு டப்பா முழுதும். சர்க்கரை, பட்டைத் தூள், உலர்திராட்சை. அடித்து நுரைக்க வைத்தபோது மிளகு வாசலில் வந்து நின்றாள். மேடையில் குவிந்திருந்த ரொட்டி ஓரங்களைப் பார்த்தாள்.

"அம்மா ஓரத்த வெட்ட மாட்டா."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஒரு வாரத்தில் அவள் தானாகச் சொன்ன முதல் வாக்கியம் அது. அவன் வெட்டிய ஓரங்களை ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணாடிப் பாத்திரத்தில் அடுக்கியிருந்த ரொட்டித் துண்டுகளின் இடுக்குகளில் செருகினான். சுவர் விரிசலை அடைப்பதுபோலத்தான் இருந்தது. கலவையை ஊற்றினான். மேலே பழுப்புச் சர்க்கரையைத் தூவி வெண்ணெயைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டான். காய்ந்த ரொட்டி மெதுவாகக் குடிக்க ஆரம்பித்தது. கண்ணாடிக்கு வெளியிலிருந்தே தெரிந்தது. கைப்பிடியளவு மிச்சமான ரொட்டியையும் கலவையையும் மூன்று சின்னக் கிண்ணங்களில் பங்கிட்டான். கம்பெனிப் பழக்கம். முழுச் சரக்கில் கைவைக்குமுன் ஒரு சின்னப் பலகையில் பூசிப் பார்ப்பார்கள். எல்லாவற்றையும் மூடிக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, காலையில் ஓவனை எந்தச் சூட்டில் வைப்பது என்று பார்க்கக் குனிந்தான்.

ஓவனில் எந்த அடையாளமும் இல்லை.

அதைப் பழைய சாமான் கடையில் வாங்கியபோதே சூட்டுத் திருகைச் சுற்றியிருந்த தகட்டில் எண்கள் தேய்ந்து போயிருந்தன. மனைவி அதற்குப் பெரியவர் என்று பெயர் வைத்தாள். பெரியவருக்குக் கோபம் அதிகம், சொல்லாமல் கொள்ளாமல் எகிறும், ஆனால் பிடி கிடைத்துவிட்டால் தங்கம் என்பாள். பிடி எப்படிக் கிடைத்தது என்று அவன் யோசித்தான். தகடு வெள்ளையாக, பளபளவென்று இருந்தது. அவன்தான் துடைத்திருந்தான். இறுதிக் காரியங்கள் முடிந்து, உறவுக்காரர்கள் எல்லாரும் கிளம்பிப்போன மறுநாள், கையைச் சும்மா வைத்துக்கொள்ள முடியாமல், கம்பெனியிலிருந்து எடுத்துவந்த பெயிண்ட் கரைக்கும் தின்னரில் பஞ்சை நனைத்து வீட்டிலிருந்த கறை அத்தனையையும் துடைத்தான். குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த பசை. சுவிட்சுகளின் கைரேகை. அப்புறம் ஓவன். அங்கே ஏதோ சிந்தியிருந்தது. நகப்பூச்சு. ஒரு சிவப்பு, ஒரு நீலம். பஞ்சு முதலில் சிவப்பானது, பிறகு நீலமானது.

தொலைபேசியை எடுத்துப் பெரியம்மாவைக் கூப்பிட்டான்.

"அக்கா, அந்த ரொட்டிக்கு அவ ஓவன எதுல வெப்பா?"

அவன் என்ன செய்யப்போகிறான் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

"எனக்கு அந்த வித்தையெல்லாம் தெரியாது தம்பி. அவதான் நகப்பூச்சால புள்ளி வெச்சிருப்பாளே. கேக்குக்கு சிவப்பு, ரொட்டிக்கு நீலம். புள்ளைய தூக்கிப் பிடிச்சு அவ கையாலயே வெக்க வெச்சான்னு பெருமையா சொன்னாளே. புள்ளி இருக்குல்ல?"

"இருக்குக்கா."

"அப்ப அதுல வைங்க. தம்பி..."

"சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல. நல்லா வரட்டும்."

போனை வைத்த பிறகு அவன் தரையிலேயே உட்கார்ந்தான். துடைத்த அன்று நடந்தது இப்போதுதான் முழுதாக வந்தது. சமையலறை வாசலில் மிளகு நின்றிருந்தாள். பள்ளிப் பை தோளில். அவன் பஞ்சைக் குப்பையில் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னடா என்று கேட்டான். திரும்பி உள்ளே போனாள். அன்று ராத்திரிதான் முதல்முதலாகத் தட்டைத் தள்ளிவைத்தாள். பசிக்கல.

நாலு மாதம். அவள் முகத்தில் ஒவ்வொரு நாளும் எழுதியிருந்ததை அவன் படிக்கவில்லை.

நூற்றெண்பது டிகிரி என்று இணையத்தில் போட்டிருந்தது. யாரைக் கேட்டாலும் நூற்றெண்பது என்பார்கள். மொட்டைத் தகட்டில் நூற்றெண்பது எங்கே இருக்கிறது? கம்பெனி ஆய்வகத்தில் வெப்பமானி இருந்தது. ஆய்வகச் சாவி திங்கட்கிழமை வரும்.

காலை ஐந்தரைக்கு எழுந்தான். தூங்கியிருந்தால்தானே எழுவதற்கு. முதல் கிண்ணத்தை உள்ளே வைத்துத் திருகைப் பாதிக்குமேல் திருப்பினான். பதினைந்து நிமிடத்தில் மேலே கரியாகி, உள்ளே பச்சை முட்டை ஓடியது. ஓவனை ஆறவிட்டு இரண்டாவதைக் குறைந்த சூட்டில் வைத்தான். முக்கால் மணி நேரம் கழித்தும் வைத்தபடியே வெளுத்துக் கிடந்தது. தொட்டால் ஈரம். மூன்றாவதற்கு இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தைப் பிடித்தான். அது நன்றாகப் பொங்கி வந்தது. வந்த பிறகு பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. பாலும் முட்டையும் தனித்தனியாகப் பிரிந்து, திரிந்துபோன மஞ்சள் தண்ணீரில் ரொட்டி மிதந்தது. மூன்று கிண்ணங்களும் கழுவுத்தொட்டியில் வரிசையாக நின்றன. தீட்டிப் பார்க்க இனி மிச்சம் இல்லை. மணி எட்டரை. பெரிய பாத்திரம் ஒரே ஒரு தடவைதான் உள்ளே போகும்.

"கருகுது."

மிளகு வாசலில் நின்றிருந்தாள். தூக்கத்தில் கலைந்த முடியில் கிளிப் ஒருபக்கமாகத் தொங்கியது.

"ஆமாடா. அப்பாவுக்கு வரல."

அவள் அவனைப் பார்க்காமல் ஓவனைப் பார்த்தாள்.

"நீ தொடச்சிட்ட."

"ஆமா."

"அது அம்மா புள்ளி. நான் வெச்சது."

"தெரியலடா. கறைன்னு நெனச்சுட்டேன். சத்தியமா தெரியல."

"கேக்கவே இல்ல நீ."

"கேக்கல. தப்பு."

இதைவிடப் பெரிதாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடினான். கிடைக்கவில்லை. முக்காலியை இழுத்து ஓவன் முன்னால் போட்டான். "எங்க இருந்துச்சுன்னு காட்றியா?"

அவள் ஏறி நின்றாள். தகட்டின் மேல் ஆட்காட்டி விரலை நீட்டி, வைத்தாள். எடுத்தாள். அரை அங்குலம் தள்ளி வைத்தாள். "இங்க. இல்ல, இங்க." மறுபடி பழைய இடத்துக்கே வந்தாள். "இங்கதான்ப்பா இருந்துச்சு. அம்மா என்னைத் தூக்கினா. நான் இப்படி நீட்டினேன்..." கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாள். கண்ணைத் திறந்தபோது விரல் மூன்றாவதாக ஓர் இடத்தில் இருந்தது. அவள் உதடு பிதுங்கியது.

"எனக்கு மறந்து போச்சு."

"பரவால்லடா."

"மறக்கக் கூடாதுன்னு தெனமும் நெனச்சுட்டே இருந்தேன். சாப்பிடுறப்பக்கூட நெனச்சேன். இப்ப போச்சு. அம்மா புள்ளி போச்சு."

நாலு மாதத்தில் முதல்முறையாக அவள் அழுதாள். சத்தமாக, வாயைத் திறந்து, மூச்சுத் திணறத் திணற. அவன் அவளை முக்காலியிலிருந்து தூக்கினான். பெரியம்மா சொன்னது சரி. கையில் ஒன்றுமே இல்லை. பதினைந்து கிலோ காற்று. அவளைச் சமாதானப்படுத்த வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. அவன் மனைவியின் குரலையே ஒரு வாரமாகத் தேடிக்கொண்டிருந்தான். முகம் இருந்தது, திட்டும் சொற்கள் இருந்தன, குரல் மட்டும் எங்கோ நழுவிக்கொண்டிருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. அவனும் அவளும் ஒரே வீட்டில், ஒரே காரியத்தை, தனித்தனி அறையில் உட்கார்ந்து செய்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

"அப்பாவுக்கும் மறக்குதுடா," என்றான்.

அழுகை நடுவில் நின்று அவனைப் பார்த்தது.

"உனக்குமா?"

"ம்."

அவள் மூக்கை அவன் சட்டையில் துடைத்தாள். வெகுநேரம் அப்படியே இருந்தார்கள். சுவர்க் கடிகாரம் ஒன்பது காட்டியது. அவன் அவளைத் தூக்கிப் பிடித்தபடியே ஓவனிடம் போனான். "கண்ண மூடாம வை. எங்க தோணுதோ அங்க." அவள் விரல் வைத்த இடத்தில் திருகை நிறுத்தினான். சரியா என்று இருவருக்கும் தெரியவில்லை. குளிர்பெட்டியிலிருந்து கண்ணாடிப் பாத்திரத்தை எடுத்தான். ரொட்டி எல்லாவற்றையும் குடித்து முடித்துத் ததும்ப நின்றது. உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினான்.

"எவ்வளவு நேரம்?"

"தெரியல. நெறத்தப் பாத்துத்தான் எடுக்கணும். ஒரு நொடி விட்டாலும் பெரியவர் எரிச்சிடுவார்."

"என்ன நெறம்?"

அது அவன் தொழில். வாயைத் திறந்தான். இருபத்திரண்டு பழுப்புகளுக்கு அவனுக்குப் பெயர் தெரியும், கலவை தெரியும். ஒன்றும் வரவில்லை. அவள் தின்ற ரொட்டியை அவன் ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை. அவனுக்கு எப்போதும் நடுவிலிருக்கும் மெத்தென்ற வெள்ளைதான் வந்தது.

"நீதான் மேல இருக்கறத சாப்பிடுவ. நீ சொல்லு. அப்பாவுக்கு ஒரு சாம்பிள் வேணும். அதே நெறத்துல ஒரு பொருள்."

அவள் யோசித்தாள். சமையலறையைச் சுற்றிலும் பார்த்தாள். மேஜை இல்லை. கதவு இல்லை. அவன் செருப்பைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். பிறகு மெதுவாகக் கையை உயர்த்தி, தலையிலிருந்த கிளிப்பைக் கழற்றினாள். நாலு மாதத்தில் அவள் கழற்றி அவன் பார்த்ததில்லை. முடி முகத்தில் விழுந்தது.

"இது."

இருவரும் ஓவன் முன்னால் தரையில் உட்கார்ந்தார்கள். உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஓரத்தில் ஒரு குமிழி வந்தது. வெண்ணெய் உருகிச் சர்க்கரையோடு சேர்ந்து ஓடியது. பட்டை வாசனை கதவு இடுக்கிலிருந்து கசிந்தது. ரொட்டி நடுவில் லேசாக மூச்சு விட்டதுபோல எழும்பியது. அவன் திரிந்துவிடுமோ என்று பாலின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மிளகின் வயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது, கதவு கிறீச்சிடுவதுபோல. இருவருமே கேட்காத மாதிரி இருந்தார்கள்.

பத்தாக எட்டு நிமிடம் இருக்கும்போது அழைப்பு மணி அடித்தது. பெரியம்மா எப்போதுமே சொன்ன நேரத்துக்கு முன்னால் வருபவள்.

அவன் எழப்போனான். மிளகு அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். மேல்ரொட்டி வைக்கோல் நிறத்திலிருந்து தேன் நிறத்துக்கு வந்திருந்தது. ஒரு மூலை மட்டும் அவசரமாகக் கறுத்துக்கொண்டு வந்தது. மணி மறுபடி அடித்தது. "தம்பி?" என்று கதவுக்கு வெளியே குரல் கேட்டது. கொஞ்சம் தயங்கி, "மிளகு?" என்றது.

மிளகு முழங்காலிட்டு, சூடான கண்ணாடியிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி, அம்மாவின் கிளிப்பை நீட்டிப் பிடித்தாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு கிளிப்பைப் பார்த்தாள், ரொட்டியைப் பார்த்தாள், மறுபடி கிளிப்பைப் பார்த்தாள்.

"இன்னும் இல்லப்பா," என்றாள். "இன்னும் கொஞ்சம்."